திறப்புக் கட்டணம்

ஊரின் பெயர் பொன்.
மூன்றாம் மாடியில் நான் எண்ணுவதோ
பிறர் வீட்டுத் தட்டுமுட்டு.
பெர்லினுக்கு மாற்றலாகிப் போன அரசு ஊழியர்களின்
அலுமாரிகள், கட்டில்கள், சுருட்டிய கம்பளங்கள்
வீடு அமையும்வரை கிடங்கில் கிடக்க,
மாதத்துக்கு, கன மீட்டருக்கு, ஒன்பது யூரோ ஐம்பது.
ஆறு மாதம் வரைக்கும் கேள்வியில்லை.
அதற்கு மேல் காரணம் வேண்டும்.

காரணங்கள் எனக்கு மனப்பாடம்.
வாடகை கட்டுப்படியாகவில்லை.
மகளுக்குப் பள்ளி ஆண்டு முடியவில்லை.
ஒருவர் எழுதினார்: பியானோ மாடிப்படியில் திரும்பாது.
படம் வரைந்தும் இணைத்திருந்தார்.
கொடுத்தேன்.

வீகாண்ட் லோஷ். நீர்வழித் துறை. இருபத்தாறு கன மீட்டர்.
ஏழாம் மாதப் பில்லின் அடியில்
எறும்பு எழுத்தில் ஒரு வரி:
பெட்டகம் திறப்புக் கட்டணம்,
பன்னிரண்டு யூரோ, நான்கு தடவை.

சாமான் ஒன்றும் வெளியே வரவில்லை,
உள்ளே போகவும் இல்லை.
பிறகு ஏன் திறக்கிறது?
ரைனைத் தாண்டி ட்ரொய்ஸ்டோர்ஃப் போனேன்.

கிடங்குக்காரர் கையுறையைக் கழற்றாமலே சொன்னார்:
"வெள்ளிக்கிழமை ரயிலில் வருவார்.
போர்வையை விலக்கிச் சோபாவில் இருப்பார்.
சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிப்பார்."

அவ்வளவுதானா?

"ஒருநாள் நித்திரையாகிவிட்டார்.
நான் எழுப்பவில்லை.
அதற்குக் கட்டணம் போடவும் இல்லை."

எட்டிப் பார்த்தேன். மரப் பெட்டகம், அரை இருட்டு.
சோபாவில் இரண்டு குழிகள்.
ஒன்றில் பாதி நிரப்பிய குறுக்கெழுத்து.
மற்றதில் அவர் எதையும் வைப்பதில்லையாம்.

நான் விட்டுவந்த வீட்டுக்கு
யாரும் பில் அனுப்பியதில்லை.
ஒன்றரை மணி நேரம் தந்தார்கள்.
கிரைண்டரைத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன்.
ஏனென்று இன்றைக்கும் தெரியாது.

லோஷ் எழுதிய காரணம்: வீடு இன்னும் அமையவில்லை.
பெர்லினில் அவருக்கு அறை உண்டு, ஃபைலிலேயே இருக்கிறது,
கட்டில், மேசை, கேத்தல் உட்பட.
வீடு என்றால் என்னவென்று
விதிப் புத்தகத்தில் தேடினேன்.
சதுர மீட்டர் இருந்தது.

மூன்று மாதம் நீட்டினேன்.
திறப்புக் கட்டணத்தைச் சிவப்பால் வெட்டினேன்,
அதற்கு அரசாங்கம் பொறுப்பில்லை.
மறுபேச்சில்லாமல் அவரே கட்டினார்.

அடுத்த பில்லில் புதிதாக ஒன்று:
மின்குமிழ், நாற்பது வாட், நான்கு யூரோ பத்து.

மின்குமிழுக்கு விதியில் இடமே இல்லை.
ஃபைலை மூடினேன்.
கீழே போய்ச் சாப்பிட்டு வந்தேன்.
திரும்பத் திறந்து,
'பொதி கட்டும் பொருட்கள்' என்பதன் கீழ்,
கயிற்றுக்கும் பழைய பத்திரிகைக்கும் நடுவில்
எழுதி வைத்தேன்.