முறைத் தண்ணீர்

செண்பகவல்லி ஒரே நாளில் வெளியேறவில்லை.
முதலில் ரேஷன் கார்டு நகல்
சத்துணவு லூர்துமேரியின் கணக்கு நோட்டுக்குள் போனது.
பிறகு மகனின் இரண்டு சட்டைகள்,
தையல்கடை மும்தாஜிடம், பட்டன் வைக்க என்று.

நீடாமங்கலம் டாக்டரம்மா
'வழுக்கி விழுந்தேன்' என்றதை எழுதவில்லை;
பேனாவை மூடாமல் காத்திருந்தார்.

181 அவள் போனில்
'கேஸ் சிலிண்டர்' என்ற பெயரில் இருந்தது.

புருஷன் மதகு லஸ்கர்.
எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் என்று
ஷட்டர் தூக்கி இறக்குபவன்.
பீரோச் சாவியும் அவன் இடுப்பில்தான்.

மேட்டூர்த் தண்ணீர் வந்த காலை
மதகில் பூத்தூவக் கூட்டம்.
முக்கில் நிற்கும் ஷேர் ஆட்டோ
வாசலுக்கே வந்தது, ஹாரன் இல்லாமல்.
மகனைத் தவிர கையில் எதுவுமின்றி ஏறினாள்.

திருவாரூர் மையத்தில்
சட்டைகள் மடித்திருந்தன.
பட்டன் நிஜமாகவே தைத்திருந்தது.