பித்தளைத் துளை

ரிங்லெட் ஏரியில் பதினேழு ஆண்டு ஓடிய மோட்டார்
லோரியில் மலையிறங்கி, பாலம் தாண்டி,
லிம் சூ காங் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தது.
பதினைந்து குதிரை. டூ ஸ்ட்ரோக்.
மூடியின் நீலம் பாதி உரிந்திருந்தது.
விலையைச் சொல்லமாட்டேன்,
ஜீவமலர் இதைப் படிப்பாள்.

மூன்றாவது இழுப்பில் பிடித்தது.
நின்ற இடத்தில், மாடு அசைபோடுவதுபோல் சீர்.
கைப்பிடியை முறுக்கியதும்
ஓர் இருமல்,
பிறகு வெறும் மூச்சு,
பிறகு அதுவும் இல்லை.

மீன் பண்ணைக்கும் எல்லை மிதவைக்கும் நடுவே
கடவுச்சீட்டு இல்லாத எங்களை
நீரோட்டம் ஜொகூர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.
ரொஸ்லான் துடுப்பைப் பார்த்தான்,
தீவன மூட்டைகளைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் அவன் திட்டும் முறை.

இருட்டும் நேரம். கடலோரக் காவல் படகு
பக்கத்தில் வந்து விளக்கடித்தது.
"என்ன, அங்கிளுக்கு முடியலையா?"
மோட்டாரைத்தான் கேட்டார்கள் என்று
வைத்துக்கொண்டேன்.

கடைசி முயற்சியாகச் சோக்கைப் பாதி இழுத்தேன்.
ஓடியது!
மூக்கைப் பொத்தினால் தெம்பு வருகிற ஜந்து.
அப்படியென்றால் காற்று மிகை,
பெட்ரோல் போதவில்லை.
பாதி மூக்கோடு கரை சேர்ந்தோம்.
பிளக்கைக் கழற்றினால், முனை
திருநீறு பூசியதுபோல் வெளுத்திருந்தது.
இன்னும் பத்து நிமிடம் விரட்டியிருந்தால்
பிஸ்டன் உருகி ஒட்டியிருக்கும்.

கார்புரேட்டரை மட்டும் பையில் கட்டி எடுத்துப் போனேன்.
மின்தூக்கி முழுக்கப் பெட்ரோல் வாசம்.
பத்தொன்பதாம் மாடி.
கடலிலிருந்து அறுபது மீட்டர் இருக்குமா?
இந்தத் தீவின் உச்சி புக்கிட் தீமா,
அதன் மேல் ஏறினாலும் நூற்று அறுபத்துச் சொச்சம்.
கார்புரேட்டருக்கு அது மலையல்ல,
ஒரு வாசற்படி.

நுரையீரல் வார்டில் இரவுப் பணி முடிந்து
ஜீவமலர் வந்தாள்.
"என் நல்ல தட்டுலயா?"
ஆமாம், அவள் நல்ல தட்டில்.
பாசிப்பயறைவிடக் கொஞ்சம் பெரிய ஜெட்,
நடுவில் ஊசியும் தயங்குகிற துளை.
கம்பி விடக்கூடாது, துளை பெருத்துவிடும் என்றேன்.
சிரிஞ்சில் கரைப்பான் ஏற்றி அவளே பீய்ச்சினாள்,
விளக்குக்கு நேரே பிடித்து எண்ணைப் படித்தாள்.
நூற்றுப் பத்து.
மேலே காற்று மெலிசு, மூவாயிரத்து ஐந்நூறு அடி,
அதற்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைத்திருக்கிறார்கள்,
இங்கே காற்று கனம் என்று விளக்கினேன்.
"அப்ப பட்டினியாத்தான் ஓடியிருக்கு,"
என்றாள். "தட்டக் கழுவி வை,"
என்றுவிட்டுப் படுக்கப் போனாள்.

விற்ற அந்தோணிசாமியைத் தொலைபேசியில் பிடித்தேன்.
"அடடா, நாந்தாங்க மாத்தினேன்!
வந்த புதுசுல ஏரி பூராவும் கரும்புகை.
சொல்ல மறந்துட்டேன். தண்ணின்னா
எல்லாம் தண்ணிதானேன்னு இருந்துட்டேன்."

ஜாலான் புசாரில் குவெக் ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் துழாவினார்.
நூற்றிருபது. பன்னிரண்டு வெள்ளி.
பேரம் பேசினேன். காது கேட்காதவர்போல்
டின்னை மூடினார்.

மறுநாள், ஏற்றம் தணியும் வேளை.
காற்றுத் திருகை முழுக்க மூடி,
ஒன்றரைச் சுற்றுத் திறந்து,
இன்னும் ஒரு கால்.
முழு வேகத்தில் பண்ணைவரை போய் நிறுத்தி
பிளக்கைப் பார்த்தேன்:
கோப்பி நிறம், பால் சற்றே தூக்கல்.
திரும்பும்போது ரொஸ்லான் கேட்காமலே
கைப்பிடியை வாங்கிக்கொண்டான்.

பழைய ஜெட்டைச் சாவி இழுப்பறையில் போட்டேன்.
"இத எறியலையா?"
"மலைக்குப் போனா வேணும்ல."
அவள் சீருடைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தாள்.
"நாம எப்பங்க மலைக்குப் போனோம்?"

இழுப்பறையை முழுக்கச் சாத்தவில்லை,
இருவருமே.