ஒரு சாண்

செல்லூரில் கடை. ஆம்ப்ளிஃபயர் இரண்டு, குழாய் ஆறு,
சீரியல் பல்பு நூறு மீட்டர்.
காதுகுத்து, கட்சிக் கூட்டம், இழவு வீடு,
எவர் கூப்பிட்டாலும் போவேன்.
அப்படித்தான் மேலமாசி வீதி மாடிக்கும் போனேன்.

நாவல் வெளியீடாம். முப்பது நாற்காலி.
ஆறு ஆண்கள் பேசி முடித்தபிறகு
எழுதினவர் எழுந்து வந்தார்.
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, பேர் மங்களேஸ்வரி.
மைக் அவர் நெற்றிக்கு நேரே நின்றது.
"தம்பி, ஒரு சாண் இறக்குங்க."
மேடையில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.
குழாய் வழியாகத் தெருவுக்கும் போனது;
எதிரே பாத்திரக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

அப்புறம் இருபத்தெட்டு வருஷம்.
எந்த மேடையிலும் அவர் ஐந்தாவது, இல்லையென்றால் ஆறாவது.
ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் இறக்குவேன்.

புத்தகம் எதையும் நான் படித்ததில்லை.
குரல் தெரியும்.
'ச' வந்தால் சீறும், டிரபிளைக் குறைக்கணும்.
கோபம் வந்தால் ஊருக்கே ஏறும், அவருக்கு இறங்கும்.
வால்யூமில் கை வைத்துக் காத்திருப்பேன்.
எக்ஸ்சேஞ்சில் பழகினது என்றார்:
லைனில் ஒருத்தன் கத்தினால் மெல்லப் பேசணும்,
கேட்கிறதுக்காவது வாயை மூடுவான்.

மேலூர்ப் பக்கம் ஓர் ஊரில்
மலையைச் சோப்புக்கட்டி மாதிரி அறுத்து
லாரி லாரியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.
அவர் பேச எழுந்ததும் யாரோ ஒயரை வெட்டினான்.
ஜெனரேட்டருக்குள் மண்.
அவர் நிறுத்தவில்லை.
மூன்று வரிசைக்குத்தான் கேட்டது.
மூன்றாம் வரிசை நான்காவதுக்குச் சொன்னது,
நான்காவது அதற்குப் பின்னால்,
இப்படியே புளியமரத்தடி வரைக்கும்;
அங்கே நான், செத்த ஆம்ப்ளிஃபயரோடு.
ஆடு மேய்க்கிற பெண்ணொருத்தி என்னிடம் திரும்பிச் சொன்னாள்:
"மலைய வித்தவன் அதோட நெழல எங்க கொண்டுபோய் வப்பான்னு
கேக்குது அந்தம்மா."

வேனில் வரும்போது கேட்டார்,
"கடைசியில என்ன கேட்டுச்சு?"
சொன்னேன்.
ஒத்தக்கடை தாண்டும்வரை பேச்சில்லை.
"நான் அப்படிச் சொல்லலையே. டன் கணக்குல்ல சொன்னேன்."
மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

அடுத்த நாவலின் முதல் வரி அதுதானாம்.
அதே நாவலில் நானும் இருந்தேன்,
பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
என் மகள் பாண்டிமீனா வாசித்துக் காட்டினாள்:
காது மந்தமான மைக் செட்காரன்,
மழையில் கம்பமேறி, கரண்ட் அடித்துச் செத்தான்.
எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.
நான்கு மாதம் அவர் கூட்டத்துக்கு வேறு ஆளை அனுப்பினேன்.
கடைக்கே வந்துவிட்டார். மன்னிப்பெல்லாம் இல்லை.
"நீ சாகாம அந்த அத்தியாயம் நகரல.
பழைய பாக்கி முந்நூற்றைம்பது, இந்தா."
எண்ணி வாங்கிக்கொண்டேன்.

அந்த நாவலுக்கு விருது.
அதே நாவலுக்கு மூன்று கோர்ட்டில் வழக்கு.
டிவியில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்,
நாலு பேர் சேர்ந்து கத்துகிற நிகழ்ச்சி.
அவருக்குக் கோபம் வந்ததை நான் பார்த்தேன்.
உதடு அசைந்தது.
வீட்டு ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தேன்,
மற்ற மூன்று பேர்தான் பெரிதானார்கள்.

ஆடி பிறந்து நாலாம் நாள் போய்விட்டார்.
அஞ்சலிக் கூட்டத்துக்குப் பதினோரு பேச்சாளர்கள்.
ஸ்டாண்டை ஒரு சாண் இறக்கி,
ஸ்பேனர் போட்டு முறுக்கிவிட்டேன்.
"என்னப்பா இது, ஏத்து."
"மரை தேஞ்சுபோச்சு சார், ஏறாது."
குனிந்துகுனிந்து பேசினார்கள்.
'ச'வுக்குக் குறைத்த டிரபிளையும் மாற்றவில்லை;
எல்லார் புகழுரையும் கம்பளிக்குள்ளிருந்து வந்தது.

பில்லில் பழக்கதோஷத்தில் அவர் பேரையே எழுதியிருக்கிறேன்.
பாண்டிமீனா கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்கிறாள்.
எழுதணும்.