மாசித் தண்ணி

சனிக்கிழமை குசினி இவருடையது.
அடுப்பைக் குறை என்கிறார்.
இன்னும் குறை.
கொதிக்கப்படாது, தண்ணி சிரிக்க வேணும்.

கள்ளப்பாட்டில் தண்ணி சிரித்ததை
ஒருமுறை பார்த்தவள் நான்.
பேசாமல் விறகை வெளியே இழுத்தேன்.

மாசித் துண்டைச் சீவுகிறார்
பென்சில் சீவுகிற மாதிரி.
சம்பலுக்கென்றால் உரலில் போட்டு
நாலு இடியில் முடித்திருப்பேன்.
யப்பானில் இதற்கு வேறு பெயராம்.
அதே சூரை, அதே புகை,
கல்லுப்போலக் காய்ந்து கிடக்கிற அதே பிடிவாதம்.
பிறகேன் அவ்வளவு தூரம் போனீர்கள் என்று
வாய்வரை வந்தது.

மூன்று வருசம் மீன் தொழிற்சாலையில் நின்றவர்
கொண்டுவந்தது
துவாயில் சுற்றிய ஒரு கத்தி,
பதினொரு யப்பான் சொல்,
இடக்கையில் மூன்று விரல்.

மற்ற இரண்டையும்
கட்டுநாயக்காவில் வைத்தே கேட்டேன்.
"பெல்ட் இழுத்தது" என்றார்.
வான் மாங்குளம் தாண்டும் வரைக்கும்
கத்தரிக்காய் விலை பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தோம்.

மாவுக்குக் குளிர் வேணுமாம்.
வாடியில் உடைத்த ஐஸைத் தாச்சியில் கொட்டி
அதன்மேல் கோப்பையை வைத்திருக்கிறார்.
கலக்காதே, கட்டி கட்டியாய்க் கிடக்கட்டும்.
கலியாணம் முடித்த நாளிலிருந்து
மாவில் கட்டி உடைத்த கை இது.
எவ்வளவு கஷ்டம் தெரியுமா
ஒரு கட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது.

நந்திக்கடல் இறால்.
என் தங்கச்சி இன்றைக்கும் வாங்க மாட்டாள்,
ஏனென்று அவளும் சொல்வதில்லை.
நான் வாங்குகிறேன்,
கழுவும்போது மட்டும்
கொஞ்சம் கூடத் தண்ணி ஊற்றுகிறேன்.

பூசணி வழுக்கியது.
உள்ளங்கையால் அமத்திப் பார்த்தார்,
முழங்கையால் பார்த்தார்.
பலகை சுழன்று வெண்டிக்காய் நிலத்தில்.
நான் போய் பூசணியைப் பிடித்தேன்.
பிடிக்கச் சொல்லவில்லை,
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"விரலை மடி. பூனைக் கை."
நெக்கோ நோ தே, என்றார்.
பதினொன்றில் ஒன்று.
அங்கே சமையல் பழகுகிற பிள்ளைகளுக்கு
முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தானாம்.
மெஷினுக்கு யார் சொல்லிக் கொடுத்தது.
என் நகத்துக்கு ஒரு நெல் தூரத்தில்
அந்தக் கத்தி இறங்கி இறங்கிப் போக
நான் மூச்சுவிடவில்லை,
பூசணி காகிதம் மாதிரி விழுந்தது.
இவர் வெட்ட நான் பிடிக்க
இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சமையல்காரன்.

முருங்கை இலையைக் கொத்தோடு தோய்த்துப் போட்டார்.
எண்ணெய்க்குள் அது
மழை தொடங்குகிற தகரம்போலச் சத்தம் போட்டது.
பயற்றங்காய் போனது, கத்தரி போனது,
இறால் வாலைத் தூக்கிக்கொண்டு போனது.

அபிசா கிண்ணத்தைத் தூக்கி உறிஞ்சினாள்.
மாசித் தண்ணி, இரண்டு சொட்டு சோயா சோஸ்,
துருவின முள்ளங்கி, வேறொன்றுமில்லை.
உறைப்பில்லை. புளிப்பில்லை.
நாலாம் வகுப்பில் ஆறு சுவை படித்தவள்
தகப்பனின் கையை இழுத்து
ஒவ்வொரு விரலாய்த் தொட்டு எண்ணினாள்.
இனிப்பு இல்லை, கசப்பு இல்லை...
ஆறும் முடிந்தது.
"இன்னும் இரண்டு விரல் மிச்சம் இருக்கு அப்பா,
இதை இதில வைப்பம்" என்று
ஏழாவதைப் பிடித்துக்கொண்டாள்.

இவர் கையை எடுக்கவில்லை.
பொரியல் ஆறிக்கொண்டிருந்தது.
ஆறினால் பழுது என்று
அரை மணித்தியாலமாய்க் கத்தினவர்.

மிஞ்சிய மாசித் தண்ணியை நான் ஊற்றிவிடவில்லை.
ஞாயிறு காலமை
தேங்காய்ப்பால், பச்சைமிளகாய் நாலு, தேசிக்காய்,
சொதியாக்கி இடியப்பத்தோடு வைத்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாம் தரம் விட்டுக் குழைத்தார், மூக்கால் ஓடியது,
அந்தப் பதினொன்றில் இன்னொன்றைச் சொன்னார்.
என்ன கருத்தென்று நான் கேட்கவில்லை.
சட்டியைக் கிட்டத் தள்ளி வைத்தேன்.