ஆறு கண்ணாடி வயிறுகள்

பாசலில், ரைன் வளைந்து திரும்பும் இடத்தில்,
நான்காவது மாடி.
வரிசையாக ஆறு கண்ணாடி வயிறுகள்
வெதுவெதுப்பான தொட்டியில் கழுத்துவரை நிற்கின்றன.
முப்பத்தேழு டிகிரி. உள்ளே அமிலம் உண்டு,
பசி கிடையாது.
ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரையைப் போடுகிறேன்.
நிமிடத்துக்கு ஐம்பது சுற்று, துடுப்பு.

எங்கோ யாருக்கோ
இறந்துபோன இன்னொருவரின் இதயம் வந்திருக்கிறது.
வந்தவரை உடம்பு கடைசிவரை நம்பாது.
என் குடியிருப்பு அட்டையை
ஆண்டுக்கொரு முறை புதுப்பித்தால் போதும்.
அந்த இதயத்துக்குப்
பன்னிரண்டு மணிக்கொரு முறை.
காலை எட்டு. இரவு எட்டு.
ஒரு வேளை தவறினால் காவலாளிகள் விழித்துக்கொள்வார்கள்;
கூடிப்போனால் கை நடுங்கிக் காபி சிந்தும்,
பிறகு சிறுநீரகம் கணக்குக் கேட்கும்.
அமிர்தத்துக்கும் நஞ்சுக்கும் நடுவே
சில நானோகிராம் சந்து.
அந்தச் சந்துக்குள்தான் எனக்குச் சம்பளம்.

ஒருநாளைக்கு ஒன்றே போதும் என்று
ஒரு மாத்திரை செய்யப் பார்க்கிறோம்.
முப்பத்தொன்றாம் தொகுதி மானத்தை வாங்கியது.
நாள் முழுக்கக் கசியவேண்டியதை
நாற்பதே நிமிடத்தில் கொட்டித் தீர்த்தது,
சம்பள நாள் குடிகாரனைப் போல.
ரெகுலா வரைபடத்தைப் பார்த்தாள்.
"இது மலை. நமக்கு வேண்டியது சமவெளி."
ஊரி மாநிலத்தில் பிறந்தவள்,
ஜன்னலைத் திறந்தால் பனிமுகடு,
அவள் சமவெளி கேட்கிறாள்!

மதியம் ஆற்றோரம் ரொட்டி தின்றேன்.
கம்பியில் கோத்த படகு. எஞ்சின் இல்லை.
சுக்கானைச் சற்றே சாய்த்துப் பிடிக்கிறார் படகுக்காரர்;
இழுத்துப்போக வந்த நதியே
அக்கரை சேர்க்கிறது, மெல்ல.
எனக்கு ஞானம் எதுவும் பிறக்கவில்லை.
பாலிமரை இரண்டு சதவீதம் கூட்டலாம்
என்று தோன்றியது, அவ்வளவுதான்.

வியாழன் மாலை
முப்பத்திரண்டைச் சுழலவிட்டு டிராம் ஏறினேன்.
எதிர் இருக்கைப் பெண்ணின் பையில்
ஏதோ கீரைத்தண்டு எட்டிப்பார்த்தது.
அவள் கைபேசி கூவியது.
தகட்டை அமுக்கினாள்.
மஞ்சள் மூடி. எங்கள் பழைய கேப்சூல்.
தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள்;
சட்டைக் கழுத்தில் தழும்பின் நுனி ஏறி இறங்கியது.
இந்த ஊர் டிராமில் யாரும் பேசுவதில்லை.
நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு,
"எட்டு மணி" என்றாள், மன்னிப்புப் போல.
"தெரியும்" என்றேன்.
வேறென்ன சொல்ல?
முப்பத்தொன்றைப் பற்றியா?

கிளாரா சதுக்கத்தில் குதித்து
அடுத்த டிராமைப் பிடிக்க ஓடினாள்.
அறுத்து ஒட்டிய இதயத்துக்கு நரம்புத் தந்தி கிடையாது.
அவள் ஓடிய சேதி
ரத்தத்தோடு நடந்துவந்து
சற்றுத் தாமதமாகத்தான் அதற்கு எட்டும்.
அதற்குள் அவள் ஏறி, உட்கார்ந்து,
கீரைத்தண்டை மடியில் நேராக்கியிருப்பாள்.

என் கைபேசியில் எண் விழுந்தது.
மூன்றாம் மணி: பதினெட்டு சதவீதம்.
இன்னும் இருபத்தொரு மணி நேரம் இருக்கிறது.