இருபத்திரண்டு

உதவித்தொகை போன மாதத்தோடு நின்றது.
ஆய்வேடு நிற்கவில்லை.
கெண்ட் ரிட்ஜில் இரண்டாம் கீழ்த்தளத்தில்
என் கருவி மியுவான்களை எண்ணிக்கொண்டிருக்கிறது,
நான் இல்லாதபோதும்,
வாடகை பாக்கி தெரியாமல்.

வளையலைக் கைக்குட்டையில் சுற்றி ரயிலேறினேன்.

ஊட்ரம் பார்க்கில் கதவு திறந்தது.
மேலே மருத்துவமனையில் ஹனீஷா இந்நேரம்
யாரையோ வளையக் கருவிக்குள் படுக்கவைத்திருப்பாள்.
உடம்புக்குள் ஒரு பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானைச் சந்திக்கும்,
இரண்டும் இல்லாமல் போகும்,
எதிரெதிர்த் திசையில் இரண்டு ஒளி கிளம்பும்.
எடை ஒளியாவதைத் தினமும் பார்க்கிறவள் அவள்.
வாழைப்பழத்திலும் எப்போதாவது நடக்கும் என்பாள்,
சொல்லிக்கொண்டே தோலை உரிப்பாள்.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரு கழித்தல் குறி.
பள்ளியில் கர்ணம் காணப் போட்ட அதே கூட்டல்,
இந்தப் பக்கத்தின் வர்க்கம், அந்தப் பக்கத்தின் வர்க்கம்;
காலத்தை ஒரு பக்கமாக வைத்த அன்று
கூட்டல் குறியின் நிமிர்ந்த கோடு உதிர்ந்துவிட்டது.
அவ்வளவுதான்.
துகள்மோதிகளும் சூரியனின் அடுப்பும்
என் கைப்பேசியின் நீலப் புள்ளியும்
அந்த உதிர்ந்த கோட்டின் கணக்கில் ஓடுகின்றன.
மேலே சுற்றும் கடிகாரங்கள் வேகத்தால் மட்டும்
நாளுக்கு ஏழு மைக்ரோ விநாடி பின்தங்கும்
(உயரத்தால் முந்துவது வேறு பேரேடு).
திருத்தாமல் விட்டால் நாளைக்கே
தேக்காவைத் தேடிய நான் பாடாங் புல்லில் நிற்பேன்,
மழையில், குடையில்லாமல்.

அடகுக்கடை திரு. டே பேசுகிறவர் இல்லை.
உரைகல்லில் ஒரு கோடு, அமிலம் ஒரு சொட்டு.
"இருபத்திரண்டு" என்றார்.
பிறகு விளக்கடியில் பிடித்து, "நல்ல மஞ்சள்."

நல்ல மஞ்சள்தான், திரு. டே.
நடுவில் எழுபத்தொன்பது புரோட்டான்களின் இழுப்பு,
அதற்கு ஈடுகொடுக்க உள்வட்ட எலக்ட்ரான்
ஒளியின் வேகத்தில் பாதியைத் தாண்டி ஓடுகிறது.
ஓட ஓடக் கனக்கிறது, கனக்கக் கனக்க நெருங்குகிறது,
அது நெருங்கிய நெருக்கத்தில் வெளியே இருப்பவையும் இடம்மாறி
நீலத்தை விழுங்கிவிடுகின்றன.
நீலம் தொலைந்த வெள்ளைதான் நீங்கள் பார்த்த மஞ்சள்.
அந்த ஓட்டம் இல்லையென்றால்
சிராங்கூன் சாலையின் கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம்
வெள்ளிப் பாத்திரக் கடைபோல வெளுத்திருக்கும்.
எவ்வளவு கூடுதல் கனம் என்று கேட்டால்,
தோராயக் கணக்கில்,
நூற்றுக்கு இருபத்திரண்டு.

இதில் எதையும் நான் சொல்லவில்லை.
பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.
இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு, தற்செயல்.
ஓய்ந்து நிற்கும் மியுவானின் ஆயுளும்
இரண்டு புள்ளி இரண்டு மைக்ரோ விநாடிதான்.
தற்செயலை நிரூபணமாக எழுதினால்
குவெக் சிவப்பு மையில் வட்டம் போடுவார்.

எண்ணூற்று நாற்பது வெள்ளி. ஆறு மாதத் தவணை,
மாதம் ஒன்றரை வட்டி.
யாருடைய கடிகாரத்தில் ஆறு மாதம் என்று
சீட்டில் போடவில்லை.
பூங்கோதை, மருதப்பன் மகள் என்று எழுதிக்கொடுத்தேன்;
கட்டம் போதாமல்
பூங்கோதை மரு என்று வந்திருந்தது.
நீளச் சுருக்கம். தனியாகச் சிரித்தேன்,
காவலாளி திரும்பிப் பார்த்தார்.

வெளியே தூறல். மணிக்கட்டில்
வளையல் இருந்த இடம் வெளுப்பாக ஒரு வட்டம்.
பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தவை,
அறுநூற்றுச் சொச்சம் மீட்டரிலேயே முடியவேண்டியவை,
ஓடியதால் மட்டுமே உயிரோடு இருப்பவை
இப்போதும் அதன் வழியே இறங்குகின்றன.
நிலநடுக்கோட்டில் கொஞ்சம் குறைவாகத்தான் விழும்.
வளையல் இருந்தபோதும் விழுந்தன.
தங்கம் ஒன்றையும் தடுத்ததில்லை.

ஏழரைக்குள் திரும்பவேண்டும்,
கருவியில் வட்டு நிறைந்திருக்கும்.