இணைக்கப்பட்டது

விதி எழுதியது நான்தான்:
காலை ஆறேகாலுக்கு ப்ளூடூத் விழிக்கட்டும்,
வண்டியைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளட்டும்,
சத்தம் பதினாலு,
விட்ட இடத்திலிருந்து தவில்.

ஏப்ரலில் வண்டி களவு போயிற்று.
சாட்ஸ்வர்த் போலீஸில் ஒரு எண் எழுதித் தந்தார்கள்.
விதியை அழிக்க மறந்துபோனேன்.

இன்று ஹிக்கின்சன் சாலை, சிவப்பு விளக்கு.
நாலு பேர் சீட்டில் ஐந்தாவதாக
டாக்சிக்குள் நான்.
தொடையில் துடிப்பு:
"பூபாலன் வண்டி – இணைக்கப்பட்டது."

பக்கத்தில் கொரோலா.
வெள்ளை அடித்திருக்கிறார்கள், நம்பர் வேறு.
மூடிய கண்ணாடிக்குள் என் தவில்.
ஓட்டுகிறவன் பதறிப்போய்
எல்லாப் பொத்தானையும் அமுக்குகிறான்;
பின்சீட்டில் ஒரு பிள்ளை
தாளம் தப்பிக் கைதட்டுகிறது.

பச்சை.
பாலம்வரை அறுந்தறுந்து வந்தது சத்தம்.
அப்புறம் போன் கேட்கிறது:
மறுபடி தேடட்டுமா?

டிரைவரிடம் நிறுத்தச் சொல்லவில்லை.